காலையிலேயே தீர்ந்துபோன டேட்டா

மற்ற பெண்களுக்கு மாமியார் தொல்லை, நாத்தனார் தொல்லை என்று என்னென்னவோ வரும். எனக்கு வந்த தொல்லை டேட்டா. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஒரே ஆளிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அந்தோணி பிரகாஷ் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்கிறவர்களோடு அங்கேயே ரூம். வாரக் கடைசியில் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பாலக்கோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் அவருடைய அப்பா அம்மாவும்தான். மாமனார் விடிந்ததும் தக்காளித் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். மாமியார் மிக்கேலம்மாளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவரைத் திட்டக் கூடாது பாருங்கள்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு டிவி வாங்கி மாட்டினார். அதன் முதுகில் சொருக விரல் நீளத்தில் ஒரு குச்சி. அந்தக் குச்சி இருந்தால் டிவியில் யூடியூப் வரும். அதற்கு நெட் வேண்டுமே என்று சிம் போட்ட வைஃபை டப்பா ஒன்றையும் அலமாரியில் வைத்தார். சிம் அவர் பெயரில். ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி. அது தீர்ந்தால் அப்புறம் மறுநாள் வரைக்கும் வட்டம் சுற்றுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"வூட்லயே நெட்டு இருக்கு. உனக்குத் தனியா எதுக்கு டேட்டா பேக்கு?" என்று கேட்டு என் போனுக்கு வெறும் பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் செய்தார். எனக்கு அதில் ஒன்றும் மனக்குறை இல்லை. சாயங்காலமானால் வீடியோ காலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், அன்றைய பொழுது நல்லபடி போனதாக நினைத்துக்கொள்வேன். அப்படியொரு பைத்தியமாக இருந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூசை. அத்தைக்கு முழங்கால் வலி, பஸ் ஏறிப் பெரிய கோயிலுக்குப் போக முடியாது. அதனால் தினமும் காலையில் டிவியில்தான் பூசை பார்ப்பார். குச்சிக்கு ஒரு சின்ன ரிமோட், டிவிக்கு ஒரு பெரிய ரிமோட். சின்னதில் பூசையைப் போடுவது எப்படி என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பூசை முடிந்ததும் பெரிய ரிமோட்டால் டிவியை அணைத்துவிட்டுப் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போவார். அதன்பின் பகலில் யாரும் டிவியைத் தொட மாட்டோம்.

முதலில் சாயங்கால வீடியோ கால் விட்டு விட்டு வந்தது. அவர் முகம் அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பிறகு கால் வருவதே நின்றுபோனது. சாதாரணமாகப் போன் செய்து பேசினோம்.

"நம்ம வூட்டு டேட்டா காலங்காத்தாலயே தீந்துபோச்சுன்னு எனக்கு மெசேஜ் வருது பிளசி. அப்படி என்னாத்த பாக்கற?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"நான் எங்கங்க பாக்கறேன்? அத்தை பூசை பாக்கறாங்க, அவ்ளோதான்."

"பூசை முக்காமணி நேரம். அதுக்கு இவ்ளோ ஆவாது."

"அப்ப டப்பாவுல ஏதாச்சும் கோளாறா இருக்கும்."

"டப்பாவெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அந்தக் குரலை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அடுத்த நாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். கம்பெனிக் கேன்டீனில் டிபனுக்கு உட்காரும்போதே அந்த மெசேஜ் வந்துவிடுமாம். ரூமில் கூட இருக்கும் பிரபாகர் என்கிற புண்ணியவான் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "வூட்ல யாரோ செமையா வீடியோ கால் பேசறாங்கப்பா" என்று கிண்டல் செய்திருக்கிறான். கிண்டல் செய்தவன் அதை மறந்துவிட்டுத் தூங்கியிருப்பான். கேட்டவர் தூங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "உன்ன ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தாலே அது கோபித்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

"கேளுங்க."

"உன் போன குடு."

கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். வாட்ஸ்அப்பில் என் அம்மா, என் கூடப் படித்த ஷைனி, கோயில் பெண்கள் குரூப். போட்டோவில் எங்கள் கல்யாணம், கன்றுக்குட்டி, அத்தை சுட்ட முறுக்கு. நான் நிலைப்படியில் சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்பார், நான் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

அவர் தலையை நிமிர்த்தி, "எல்லாத்தையும் அழிச்சிட்டியா?" என்றார்.

"அழிக்கறதுக்கு என்னங்க இருந்துச்சு?"

"அதத்தான் நானும் கேக்கறன்."

"போன்ல எவ்ளோ டேட்டா ஆச்சுன்னு செட்டிங்ஸ்ல காட்டும், பாருங்க. கொஞ்சமாத்தான் இருக்கும்."

"அதையெல்லாம் ஜீரோ பண்ணிடலாம். எனக்குத் தெரியும்."

என் போனில் ஏதாவது இருந்திருந்தால் தப்பு. ஒன்றும் இல்லாததும் தப்பு. இதற்கு மேல் என்ன பேசுவது? பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை ஒரு மாதிரி ஆகுமே, கிள்ளினால் தெரியும் ஆனால் வலிக்காது, அப்படி ஆகிவிட்டது எனக்கு. சோறு போட்டேன். குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அவர் ஓசூர் போனபின் நான் என் போனில் வைஃபையை அணைத்துவிட்டேன். ஷைனியோடு பேசுவதையும் விட்டேன். அப்படியும் டேட்டா தீர்ந்தது. சரி, பூசைதான் இவ்வளவையும் இழுக்கிறது போல என்று ஒருநாள் காலை பூசை ஓடும்போதே சின்ன ரிமோட்டை வாங்கி செட்டிங்ஸுக்குள் போனேன். படத்தின் தரம் என்று ஓர் இடம் இருந்தது. அதில் 'பெஸ்ட்', 'பெட்டர்', 'குட்' என்று மூன்று. இருப்பதிலேயே மட்டமானதற்குப் பெயர் 'குட்'. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது மாதிரியே எழுதியிருந்தான். எங்கள் வீட்டில் 'பெஸ்ட்' இருந்தது. நான் 'குட்' வைத்தேன்.

மறுநாள் காலையில் ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம்தான் தீர்ந்தது. அடேங்கப்பா, கண்டுபிடித்துவிட்டோமே என்று எனக்கு ஒரு துளி சந்தோஷம். அவரே கூப்பிட்டார்.

"இன்னிக்கு டிபன் நேரத்துல மெசேஜ் வரல. சாப்பாட்டு நேரத்துலதான் வந்துச்சு."

"நான்தாங்க கொறைச்சு வெச்சேன்" என்றேன் ஆசையாக.

"ம்" என்றார். "போன பாத்துட்டு வந்தப்பறம்தான் கொறையுது, இல்ல?"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவர் போனை வைத்துவிட்டிருந்தார். படத்தைக் குறைத்தேன் என்று நான் சொன்னது, பேச்சைக் குறைத்தேன் என்று அவருக்கு அர்த்தமாகியிருக்கிறது. திரும்பக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம். செய்யவில்லை. அதற்குப் பதில், நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று ஒரு வீம்பு வந்தது. மறுநாள் யூடியூப்புக்குள்ளேயே போய் இன்னும் கீழே இறக்கி 144 என்று வைத்தேன். அதற்கும் கீழே ஒன்றும் கிடையாது.

அத்தை டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பீடம் ஒரு வெள்ளைக் கட்டி, மெழுகுவத்தி ஒரு மஞ்சள் கட்டி.

"ஏங்கண்ணு, சாமியாரு மூஞ்சி களி கிண்டினாப்பல இருக்குதே. என் கண்ணு போச்சா, டிவி போச்சா?"

"நான்தாங்கத்தை கொறைச்சிருக்கேன். நெட்டு தீந்துபோவுதுன்னு அவரு சொல்றாரு."

"நெட்டு போன்லதான தீருது? அதுக்கு எதுக்குச் சாமியாரு மூஞ்சிய அழிக்கோணும்?"

அத்தையைப் பொறுத்தவரை நெட் என்பது போனுக்குள் இருக்கும் ஒரு சாமான். டிவி கரண்டில் ஓடுகிறது. இதை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் நிலையில் நான் இல்லை. ஜெபம் சொல்லும்போதுகூட என் வாய் மட்டும்தான் அசைந்தது.

அன்று டேட்டா சாயங்காலம் வரை வந்தது. டீ குடிக்கும் நேரத்தில்தான் தீர்ந்தது. நான் ஒரு படி இறக்க இறக்க, எனக்கு எதிராக ஒரு சாட்சி கூடிக்கொண்டே போனது. காலையில் வந்த மெசேஜ் மத்தியானத்துக்குப் போனது, மத்தியானத்தில் வந்தது சாயங்காலத்துக்குப் போனது. அவர் கணக்கில் நான் பயந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டு வருகிறேன்.

அந்த வாரம் வந்தவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை, ஷைனியைக் கேட்டால் சொல்வாள். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"நான் சொன்னதும் கொறையுதுன்னா, அதுக்கு முன்ன யாரு பிளசி பாத்தது?"

அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"பேரக்கூடக் கேக்கல. கொஞ்ச நாள் உங்கம்மா வூட்ல இரு. எனக்கு மனசு தெளியட்டும்."

அத்தை அடுப்படியிலிருந்து வந்து, "ஏண்டா, புள்ளைய எதுக்குடா அனுப்பற? என்னா பண்ணிட்டா?" என்று கேட்டார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இது நெட்டு சமாச்சாரம்."

நெட் சமாச்சாரம் என்றதும் அத்தை வாயை மூடிக்கொண்டார். ஒரு பை நிறையத் தக்காளி கட்டிக் கொடுத்து, என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். தர்மபுரியில் பஸ் மாறி அரூர் போய், அங்கிருந்து தீர்த்தமலைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அழுகை வரும் வரும் என்று கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. பக்கத்துச் சீட்டுக் குழந்தை வாந்தியெடுத்தபோது அதன் அம்மாவுக்குக் கொடுத்தேன்.

அம்மா வீட்டில் அப்போது புளி வேலை. அப்பா இறந்ததிலிருந்து அம்மா வியாபாரிகளிடம் புளி வாங்கிவந்து, தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுக்கிறாள். நானும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். "அவரு கொஞ்ச நாள் இங்க இருக்கச் சொன்னாரு. வூட்டு நெட்ட நான் யார்கிட்டயோ பேசித் தீக்கறேனாம்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா "சரி, சோறு தின்னு" என்றாள்.

அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் "மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்டு, அதான் புள்ள வந்திருக்குது" என்று அவளே சொல்லிச் சமாளித்தாள். நான் போனைக் கையில் எடுத்தால் மட்டும், "அத வெச்சுட்டுப் புளியத் தட்டு கண்ணு, கண்ணு கெட்டுறும்" என்பாள். நம்புகிறவள் எதற்குக் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தியாவது இருக்கிறாளே என்று ஒரு சின்னத் தெம்பு. மற்றபடி எனக்குள் ஒன்றும் ஓடவில்லை. கோபம்கூட இல்லை. புளியைத் தட்டினேன், கொட்டையை ஒதுக்கினேன், படுத்தால் தூங்கினேன்.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கோயிலுக்குப் போய்வந்து வேலையில் உட்கார்ந்திருந்தோம். வண்டியை நிறுத்தும்போதே முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஸ்வீட் டப்பா, மல்லிகைப் பூ.

"வாங்க மாப்பிள்ள, வாங்க வாங்க" என்று அம்மா பதறிப்போய்ப் புளிக் கையை முந்தானையில் துடைத்தாள். நாற்காலி போட்டாள். காபி வைக்க உள்ளே ஓடினாள்.

"எங்கம்மா பண்ண கூத்தக் கேளு பிளசி" என்று ஆரம்பித்தார்.

நான் வந்த பிறகு, சாமியார் முகம் தெரியவில்லை என்று அத்தை அழுதிருக்கிறார். இவர் செட்டிங்ஸில் போய் எல்லாவற்றையும் பழையபடி மேலே ஏற்றியிருக்கிறார். ஓசூர் போனால் மறுநாள் டிபன் நேரத்தில் டேட்டா தீர்ந்துவிட்டதாக மெசேஜ். அதற்கு மறுநாளும் மெசேஜ்.

"நீதான் அங்க இல்லியே, அப்பறம் யாருடா பேசறதுன்னு எனக்குத் தலையே சுத்திருச்சு. நேத்து வூட்ல இருந்தேன். அம்மா பூசை பாத்து முடிச்சு டிவிய அணைச்சுட்டு சொசைட்டிக்குப் போனாங்க. நான் நியூஸ் பாக்கலாம்னு போட்டா, உள்ள யாரோ கன்னடத்துல ஜெபம் பண்ணிட்டிருக்காரு! அணைச்சது டிவிய மட்டும்தான். பின்னாடி தனிப் பிளக்ல இருக்கற அந்தக் குச்சி நிக்கவே இல்ல. பூசை முடிஞ்சா ஜெபமாலை, அது முடிஞ்சா பிரசங்கம், அது பாட்டுக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஓடிட்டே இருந்திருக்குது. டேட்டா தீர்ற வரைக்கும்!"

தொடையில் தட்டிச் சிரித்தார். நான் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தேன்.

"அம்மாகிட்ட கேட்டா, அவங்களுக்கு முன்னயே தெரியுமாம். 'படத்தத்தாண்டா நிறுத்துனேன். ஜெபத்த நடுவுல நிறுத்தினா பாவம். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும்னு அது பாட்டுக்கு வூட்ல ஓடட்டும்னு வுட்டேன்'ங்கறாங்க. டேட்டாவுக்கும் டிவிக்கும் என்னா சம்பந்தம்ங்கறாங்க!"

நாங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று ஓடிய ஜெபம். சிரிக்கவேண்டிய விஷயம்தான். இதே கதை அடுத்த வீட்டில் நடந்திருந்தால் நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். டிவி அணைந்தால் எல்லாம் அணைந்துவிட்டது என்றுதான் நானும் இருந்தேன், பி.காம் படித்தவள். சாயங்காலம் டிவியைப் போடும்போது வட்டம் சுற்றும், காலையில் நின்ற இடத்தில் நிற்கிறது என்று நினைத்தேன். அதனால் அத்தை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

"சரி, துணிமணிய எடுத்து வை. மத்தியானம் சாப்புட்டுக் கெளம்பலாம்" என்றார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"நான் வந்தப்பறம் அந்த மெசேஜ் வராம இருந்திருந்தா?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். "அதான் வந்துச்சே" என்றார்.

"வராம இருந்திருந்தாங்க. அத்தைக்குப் பூசை பாக்கப் பிடிக்காமப் போயிருந்தா. டிவி ரிப்பேர் ஆகியிருந்தா."

"அதான் வந்துச்சே பிளசி. ஆவாத ஒண்ண எதுக்குப் பேசிக்கிட்டு? இப்ப எல்லாம் தெளிஞ்சுபோச்சு இல்ல?"

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. கணக்கு சரியாகிவிட்டது, பிறகு ஏன் இவள் இன்னும் சிலேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது போலப் பார்த்தார். நான் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். வட்டம் சுற்றாமல், நின்றுபோகாமல், எதிரிலேயே இருந்தது. சாயங்காலம் சாயங்காலம் இதற்காகவா காத்துக்கிடந்தோம் என்று இருந்தது.

"நான் வரலைங்க" என்றேன்.

"என்னாது?"

"குச்சி மேலதான் தப்புன்னு சொல்ல வந்தீங்க. சொல்லிட்டீங்க. காபி குடிச்சுட்டுப் போயிட்டு வாங்க."

"அதுக்கு இப்ப என்னாங்கற? உன் கால்ல வுழோணுமா?"

"வேணாங்க."

காபி வந்தது. அவர் குடிக்கவில்லை. ஸ்வீட் டப்பாவை நாற்காலி மேல் வைத்தார், பூவை என்ன செய்வது என்று தெரியாமல் அதன் மேலேயே வைத்தார். அம்மா பின்னாலேயே ஓடி "மாப்பிள்ள, அவ சின்னப் புள்ள, அவ பேச்ச மனசுல வெச்சுக்காதீங்க, நான் எடுத்துச் சொல்றேன்" என்று கெஞ்சினாள். வண்டி போகும் சத்தம் கேட்டது. நான் கல்லை எடுத்து இன்னொரு புளியைத் தட்டினேன்.

அம்மா திரும்பி வந்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாப்பிள்ள சொன்னத உள்ளயிருந்து கேட்டேன். அப்ப நெசமாவே நீ ஒண்ணும் பண்ணலையா கண்ணு?"

"என்னம்மா?"

"இத்தன நாளா எனக்குச் சோறே எறங்கலடி. ஆண்டவரே, ஒண்ணும் பண்ணலியா! அந்தக் குச்சிதானா!" என்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவ்வளவு நிம்மதியை நான் அவள் முகத்தில் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. புளிக் கையோடு முகத்தை மூடிக்கொண்டேன், கண்ணெல்லாம் எரிந்தது. மாப்பிள்ளையை நினைத்து அழுகிறேன் என்று அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.